ஏரி, குட்டை, வரத்துக்கால்வாய்: மனைக்கல் நடும் முன் செய்ய வேண்டியவை (வேலூர் வட்டாரத்துக்கு)

‘எங்கள் ஊர் ஏரியை ஆக்கிரமித்துவிட்டார்கள், நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்’ என்று நான்கு வரியில் எழுதும் மனு, மாதக்கணக்கில் கிடந்து ‘புல எண் குறிப்பிடப்படவில்லை’ என்ற பதிலோடு முடியும். புல எண் (சர்வே எண்), பரப்பு, பதிவேட்டில் உள்ள வகைபாடு, எந்தத் துறையின் கட்டுப்பாடு ஆகிய நான்கும் இருந்தால் அதே மனுவை அவ்வளவு எளிதில் ஓரம் தள்ள முடியாது. மேடை, ஊர்வலம், செய்தியாளர் எல்லாம் பிறகு. முதல் வேலை பதிவேட்டில்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்றும் 2019 நவம்பர் வரை ஒரே மாவட்டம். 1989க்கு முன் திருவண்ணாமலையும் சேர்ந்து வட ஆற்காடு. பழைய ஆவணத்தில் உங்கள் ஊர் வேறு வட்டத்தின் பெயரில் இருக்கலாம் என்பதை மனத்தில் வைத்துத் தேடுங்கள்.

பதிவேட்டில் ஏரி இருக்கிறதா?

வருவாய்த் துறையின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ-பதிவேட்டின் (கிராம நிலங்களைப் புல எண் வாரியாகக் காட்டும் பதிவேடு) விவரமும் புலப்படமும் (புலத்தின் அளவு வரைபடம்) கிடைக்கும். புல எண் தெரியாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தைப் பார்க்கலாம். அதில் ஏரிக்குள் எழுதியிருக்கும் எண்ணோடு நின்றுவிடாதீர்கள். ஏரிக்கு வந்து சேரும் ஓடை, கானாறு, கால்வாய் ஒவ்வொன்றின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நடுத்தர ஏரிக்கு வரத்துக்கால்வாய் மட்டும் பத்துப் பதினைந்து உட்பிரிவுகளில் ஓடும்.

அ-பதிவேட்டில் ‘புறம்போக்கு’ என்று இருந்தால் போதாது. குறிப்புக் கலத்தில் ‘ஏரி’, ‘குட்டை’, ‘தாங்கல்’, ‘ஓடை’, ‘வாய்க்கால்’ என ஏதாவது ஒன்று எழுதியிருக்க வேண்டும். பரப்பு ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் இருக்கும். 1 ஏர்ஸ் என்பது 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 சென்ட். 1 ஹெக்டேர் 2.47 ஏக்கர். பழைய புலப்படங்களில் அளவு சங்கிலியின் லிங்க்ஸில் இருக்கும்: 100 லிங்க்ஸ் 66 அடி, ஒரு லிங்க்ஸ் சுமார் 20 சென்டிமீட்டர். இதை மீட்டர் என்று எண்ணிப் படித்தவர்கள் இல்லாத ஆக்கிரமிப்பைக் கண்டுபிடித்து அவமானப்பட்டதுண்டு.

சிக்கல் பெரும்பாலும் 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் (யு.டி.ஆர். என்றால் எல்லா அலுவலகத்திலும் புரியும்) தொடங்குகிறது. அதற்கு முன் ‘குட்டை’ என்று இருந்தது, பிறகு ‘தீர்வை ஏற்படாத தரிசு’ ஆகியிருக்கும். சில இடங்களில் தனியார் பெயரில் பட்டாவே ஏறியிருக்கும். ஆகவே இன்றைய பதிவேட்டை மட்டும் நம்ப வேண்டாம். யு.டி.ஆருக்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகப் பதிவறையிலோ மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறையிலோ கேட்டு வாங்குங்கள். ஜமீன், இனாம் கிராமமாக இருந்த ஊர்களில் ‘அனாதீனம்’ (உரிமையாளர் இல்லாத நிலம்) என்ற பெயரில் நீர்நிலை ஒளிந்திருப்பதும் உண்டு. வேலூர் மாநகராட்சிக்குள் என்றால் நகர நில அளவை எண் வேறாக இருக்கும். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான ஒப்பீட்டுப் பட்டியல் இல்லாமல் மனு போட்டால், ‘அப்படி ஒரு எண்ணே இல்லை’ என்று திருப்பிவிடுவார்கள்.

ஏரி உள்வாயில் (நீர் தேங்கும் உட்பகுதியில்) உண்மையான பட்டா நிலமும் இருக்கும் என்பது பலரும் கவனிக்காத செய்தி. மழைக்காலத்தில் முழுகி, கோடையில் பயிர் ஏறும் நிலம் அது. நீர் தேங்குகிறது என்பதற்காக அதை ஆக்கிரமிப்பு என்று எழுதினால், அந்த ஒரு வரியே உங்கள் மனு முழுவதையும் கெடுக்கும். புறம்போக்கின் எல்லை வேறு, முழுக் கொள்ளளவில் தண்ணீர் நிற்கும் எல்லை வேறு. மனுவில் இரண்டையும் தனித்தனியே சொல்லுங்கள். பட்டா நிலத்தில் மண் கொட்டி மேடாக்கி மனை போட முயன்றால், அங்கே உங்கள் எதிர்ப்பு ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் வராது, மனைப்பிரிவு அனுமதியின் கீழ் வரும்.

எந்த நீர்நிலைக்கு யார் பொறுப்பு

ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் நிலம்) 100 ஏக்கருக்கு மேல் உள்ள ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். ஊர்க் குளம், குட்டை ஊராட்சிக்கு. நிலம் என்ற வகையில் எல்லாவற்றுக்கும் மேலே வருவாய்த் துறை இருக்கிறது. ‘இது எங்களுடையதல்ல’ என்று ஒருவர் மற்றவரைக் காட்டுவது வழக்கமாதலால், மனுவை மூவருக்கும் ஒரே நாளில் ஒரே வாசகத்தோடு கொடுத்துவிட வேண்டும்.

சட்டங்களில் மூன்று முக்கியம். 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் எல்லா அரசு நிலத்துக்கும் பொருந்தும். 7ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு அறிவிப்பு, 6ஆம் பிரிவில் அகற்றும் உத்தரவு. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் நீர்வளத் துறையின் ஏரிகளுக்கானது. ஏரியை அளந்து, வரைபடமும் பதிவேடும் தயாரித்து, பிறகே அகற்ற வேண்டும் என்பது அதன் ஒழுங்கு. அளவை நடக்காமல் நேரே பொக்லைன் கொண்டுவந்தால் ஆக்கிரமிப்பாளர் நீதிமன்றத்தில் எளிதாகத் தடை வாங்குவார். அதனால் ‘இடியுங்கள்’ என்பதற்கு முன் ‘அளந்து எல்லை காட்டுங்கள்’ என்று கேளுங்கள். மூன்றாவது 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். அதன் 131ஆம் பிரிவு ஊராட்சியிடம் உள்ள இடத்தின் ஆக்கிரமிப்பைப் பற்றியது.

‘பி மெமோ’ வைத்திருக்கிறோம், அதனால் இடம் எங்களுக்கு என்று சிலர் சொல்வார்கள். பி மெமோ என்பது ஆக்கிரமித்ததற்கான அபராத விதிப்பு. எத்தனை ஆண்டு கட்டியிருந்தாலும் உரிமை வராது. சொல்லப்போனால், ஆக்கிரமிப்பு என்று அரசே ஒப்புக்கொண்ட சான்று அது. நகல் கிடைத்தால் மனுவோடு இணையுங்கள். நீர்நிலைப் புறம்போக்கு ஆட்சேபகரமான புறம்போக்கு. வருவாய் நிலையாணை 15இன்படி அதை யாருக்கும் ஒப்படை செய்யக் கூடாது.

பலர் எடுத்த எடுப்பில் 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகளைக் காட்டுகிறார்கள். ‘50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது’ என்ற வாசகம் அங்கேதான் இருக்கிறது: கடந்த பத்தாண்டில் பதிவான சராசரி உயர் வெள்ளமட்டத்திலிருந்து 50 மீட்டர். ஆனால் அதே விதிகள் பாசனத்துக்கென்றும் குடிநீருக்கென்றும் மனிதர் கட்டிய நீர்நிலைகளை வரையறையிலேயே விலக்கிவிட்டன. நம் பக்கத்து ஏரிகளில் மிகப் பெரும்பாலானவை பாசன ஏரிகள். 2022இல் ராம்சார் தகுதி (உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம்) பெற்ற சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குச் சொல்வதை நம் பக்கத்து அணைக்கட்டு, கே.வி.குப்பம் வட்டங்களில் அப்படியே சொன்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை மிச்சம். அந்த விதியை முதல் வாதமாக வைக்காதீர்கள்.

தோல் தொழிற்சாலை, சாயம் போன்றவை வந்தால் வேறு கணக்கு. 1989 மார்ச் 30ஆம் தேதியிட்ட அரசாணை எண் 213, ஆறு, ஓடை, அணை போன்றவற்றின் கரையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பட்டியலிட்ட மாசுத் தொழில்கள் புதிதாக வரக் கூடாது என்றது. பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று, உச்ச நீதிமன்றம் அதை உடனே அமல்படுத்தச் சொன்னது. இந்த வழக்கு நம் மண்ணில் பிறந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதும்போது தவறாமல் குறிப்பிடுங்கள்.

வரத்துக்கால்வாயில்தான் ஏரி சாகிறது

ஏரிக்குள் வீடு கட்டினால் ஊரே பார்க்கும். மூன்று கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரத்தில் கால்வாயை மூடினால் யாரும் பார்ப்பதில்லை. இரண்டு வருஷம் ஏரி கோடி போகாமல் (நிரம்பி வழியாமல்) இருக்கும், ‘மழை இல்லை’ என்பார்கள், மூன்றாம் வருஷம் ‘இது வறண்ட ஏரி’ என்று வகைபாடு மாற்றக் கோப்பு நகரும். எங்கள் கருத்தில், கையில் இருக்கும் நேரத்தில் முக்கால் பங்கைக் கால்வாய்க்கே செலவிட வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியில், கால்வாயைத் தலை முதல் ஏரி வரை நடந்து பாருங்கள். கிராம வரைபடம் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு புல எண்ணிலும் கால்வாயின் அகலத்தை நாடா வைத்து அளந்து, புலப்படத்தில் உள்ள அகலத்தோடு ஒப்பிடுங்கள். இடமும் தேதியும் பதியும் கைபேசிச் செயலியில் படம் எடுங்கள். படத்தில் நாடாவும் தெரிய வேண்டும்.

மனைப்பிரிவுக்குள் கால்வாய் போனால், பாதைக்காகக் குழாய் போட்டு மேலே மண் நிரப்புவது வழக்கம். ‘கால்வாயை மூடவில்லை, குழாய் போட்டிருக்கிறோம்’ என்பார்கள். கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். 3 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழக் கால்வாயின் குறுக்குப் பரப்பு 3 சதுர மீட்டர். 600 மில்லிமீட்டர் விட்டக் குழாயின் பரப்பு 0.28 சதுர மீட்டர், பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 900 மில்லிமீட்டர் குழாய் இரண்டு போட்டாலும் 1.27தான், பாதியை எட்டாது. அதிலும் முதல் வெள்ளத்திலேயே சீமைக்கருவேல முள்ளும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொள்ளும். அப்போது தண்ணீர் எதிர்த்து ஏறி மேல்பக்க நிலத்தை முழுக்கும், பழி ஏரிக்குப் போகும். கேட்க வேண்டியது முழு அகலத்துக்குத் திறந்த பெட்டிப் பாலம். அதன் அளவை நீர்வளத் துறைப் பொறியாளர் எழுத்தில் தரட்டும்.

கலங்கலையும் (ஏரி நிரம்பியதும் மிச்ச நீர் வழிந்தோடும் கல்கட்டு) பாருங்கள். உள்வாயில் மனை போட்டவர்கள் தண்ணீர் தங்கள் பக்கம் வராமலிருக்க இரவில் கலங்கலின் மேல் வரிசைக் கல்லைப் பெயர்த்துவிடுவார்கள். 40 ஹெக்டேர் நீர்ப்பரப்புள்ள ஏரியில் கலங்கல் 30 சென்டிமீட்டர் தாழ்ந்தால், மேல்மட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 1.2 லட்சம் கன மீட்டர், அதாவது 42 லட்சம் கன அடி தண்ணீர் நிற்காமல் போகும். கலங்கல் மட்டத்தை மதகின் மேல்தளத்தோடு ஒப்பிட்டு, மட்டக்குழாய் வைத்துக் குறித்து, ஒவ்வொரு ஆண்டும் சரிபாருங்கள்.

மனைப்பிரிவு அனுமதிக் கட்டத்திலேயே பிடிப்பது

கட்டடம் எழுந்த பிறகு இடிப்பது கடினம். அனுமதி கேட்கும்போது நிறுத்துவது எளிது. நீர்நிலையை ஒட்டிய மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறை அனுமதி தரும்முன், வெள்ளப் பாதிப்பு பற்றி நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படும். அந்தச் சான்றில்தான் கால்வாயின் அகலமும் நிரப்ப வேண்டிய மட்டமும் நிபந்தனையாக எழுதப்படும். ஆகவே எல்லைக் கல் நடுவதைப் பார்த்த அன்றே நகர் ஊரமைப்பு மாவட்ட அலுவலகத்துக்கும் நீர்வளத் துறைக்கும் புல எண்ணோடு ஆட்சேபணை கொடுங்கள். மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆணையத் தளத்தில் அங்கீகரித்த வரைபடத்தைப் பார்த்து, கால்வாய் அதில் காட்டப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். காட்டாமல் மறைத்திருந்தால் அதுவே வலுவான புகார்.

சார்பதிவாளரை மறந்துவிடுகிறோம். நீர்நிலை நிலத்தின் பத்திரத்தைப் பதியக் கூடாது, அங்கே கட்டட அனுமதி, சொத்து வரி, மின் இணைப்பு தரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. ஏரி, கால்வாய் புல எண்களின் பட்டியலை அ-பதிவேட்டு நகலோடு சார்பதிவாளருக்கும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும் முன்கூட்டியே பதிவு அஞ்சலில் அனுப்பிவையுங்கள். ‘தெரியாது’ என்று பிறகு சொல்ல இடமிருக்காது. பதிவுத் துறைத் தளத்தில் அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் யாராவது விற்றிருக்கிறார்களா என்பதும் தெரியும்.

மனு எழுதும் முறை

ஒரு மனுவில் ஒரு புல எண். இப்படி:

“… வட்டம், … கிராமம், புல எண் …, பரப்பு … ஹெக்டேர் … ஏர்ஸ், அ-பதிவேட்டில் ‘ஏரி’ என்று பதிவானது. இதன் வடகிழக்கில், புல எண் … ஐ ஒட்டி, ஏறத்தாழ … மீட்டர் நீளம் … மீட்டர் அகலத்துக்கு மண் கொட்டி நிரப்பப்பட்டுள்ளது. முதலில் கண்ட நாள் …. நில அளவர் மூலம் எல்லை அளந்து காட்டவும், 1905ஆம் ஆண்டுச் சட்டம் 7ஆம் பிரிவின் கீழ் அறிவிப்பு அனுப்பவும், அதுவரை பணியை நிறுத்தவும் வேண்டுகிறோம். இணைப்பு: அ-பதிவேட்டு நகல், புலப்படம், படங்கள்.”

ஆக்கிரமிப்பாளரைத் திட்ட வேண்டாம். யாருடைய ஆதரவு என்று ஊகிக்கவும் வேண்டாம், அவதூறு வழக்குக்கு அது தூண்டில். வருவாய்த் துறையின் 4.12.2014 தேதியிட்ட அரசாணை எண் 540 ஆக்கிரமிப்புப் புகார்களை விசாரிக்கும் முறையை வகுத்தது. மனுவின் தலைப்பில் அதைக் குறிப்பிட்டால், பிற்பாடு உயர் நீதிமன்றம் போகும்போது வசதி. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்வு நாளில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். எண் இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 தண்ணீர் நாள், ஏரித் தீர்மானத்துக்குப் பொருத்தமான நாள். தீர்மானத்திலும் புல எண் இருக்க வேண்டும். எழுதி முடித்துப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிப் பிறகு எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை.

உங்கள் பட்டா நிலம் ஏரியை ஒட்டியிருந்தால் ஒரு குறுக்குவழி உண்டு. உங்கள் நிலத்தின் எல்லையை அளக்கக் கட்டணம் கட்டி விண்ணப்பியுங்கள். அளவர் வந்து உங்கள் எல்லைக் கல்லைக் காட்டும்போது ஏரியின் எல்லையும் அந்தப் பக்கத்தில் தானாக நிலைபெறும்.

பதில் வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ‘என் மனு எண் … மீது எடுத்த நடவடிக்கையின் கோப்புக் குறிப்புகளின் நகல்’ என்று கேளுங்கள். ‘ஏன் எடுக்கவில்லை’ என்று கேட்டால், விளக்கம் தரத் தேவையில்லை என்று தள்ளுவார்கள். 30 நாளில் பதில், இல்லையேல் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம்.

வழக்கு

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத விண்ணப்பத்துக்கு 1,000 ரூபாய் கட்டணம். 14ஆம் பிரிவின் கீழ் காரணம் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் காலம், போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள். மனுக்களுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தே பலர் இதைக் கோட்டைவிடுகிறார்கள். மண் கொட்டியதை முதலில் கண்ட நாளை முதல் மனுவிலேயே எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். நில வகைபாடு, பட்டா ரத்து போன்றவை பசுமைத் தீர்ப்பாயத்தில் எடுபடா, அவற்றுக்கு உயர் நீதிமன்றம். குளத்தையும் ஊர்ப் பொது நிலத்தையும் காக்கச் சொன்ன ஹின்ச் லால் திவாரி (2001), ஜக்பால் சிங் (2011) என்ற இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும், நீர்நிலைகளை அடையாளம் கண்டு ஆக்கிரமிப்பை அகற்றச் சொன்ன எல். கிருஷ்ணன் (2005) என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பும் கையில் இருக்கட்டும்.

எதிர்த்தரப்பு உள்ளூர் உரிமையியல் நீதிமன்றத்தில் அரசை மட்டும் எதிர்வாதியாக்கித் தடையாணை வாங்கும். அரசுத் தரப்பில் யாரும் சரியாக வாதாடாமல் ஆண்டுகள் ஓடும். நீதிமன்றங்களின் இணையத் தளத்தில் (இ-கோர்ட்ஸ்) ஆக்கிரமிப்பாளரின் பெயரைப் போட்டு மாதம் ஒருமுறை தேடுங்கள். வழக்கு இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 1, விதி 10இன் கீழ் உங்களையும் சேர்க்க மனுச் செய்யலாம்.

தலைமுறையாகக் குடிசை போட்டிருப்பவர்களையும் மனை போட்டு விற்பவரையும் ஒரே மனுவில் எழுதாதீர்கள். பொக்லைன் முதலில் குடிசைக்குத்தான் போகும், சுற்றுச்சுவர் கட்டியவர் தடையாணையோடு உட்கார்ந்திருப்பார். குடியிருப்பவர்களுக்கு மாற்றிடம் கேட்டுத் தனி மனுவும் கொடுங்கள், ஊர் இரண்டுபடாது.

அகற்றிய அன்றே நில அளவர் இருக்கும்போது எல்லைக் கல் நட்டு, அதன் இட அளவுகளை மகஜரில் (நேரில் கண்டதைச் சாட்சிகளோடு எழுதும் ஆவணம்) எழுதி வாங்க வேண்டும். எல்லையை ஒட்டி உட்பக்கமாக ஒரு மீட்டர் ஆழத்துக்கு அகழி எடுத்து, மண்ணை வெளிப்பக்கம் வரப்பாகப் போட்டு, அதில் 3 மீட்டருக்கு ஒன்றாகப் பனங்கொட்டை ஊன்றுங்கள். கட்டட இடிபாட்டை ஏரிக்குள் தள்ளி மூடும் ஒப்பந்தக்காரரிடம், லாரியில் ஏற்றி வெளியே போன நடைகளைக் கணக்கு வைத்து, அதற்கான ரசீதையும் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.